கதவுப் பக்கத்துக் கால்

உப்பங்குடிக்காரர்களான நாங்கள் ஆட்களில் ஒருவரையும் நம்ப மாட்டோம், ஆனால் அதிசயம் எது நடந்தாலும் நம்பிவிடுவோம். பால்காரர் ஊற்றி முடிப்பதற்குள் விரலை விட்டுப் பார்ப்போம், பூசாரி திருப்பித் தரும் தேங்காய் மூடி நாம் கொண்டுபோன தேங்காயினுடையதுதானா என்று சேர்த்துவைத்துப் பார்ப்போம், பெண் பார்த்துவிட்டு வந்தால் அந்தத் தெருவுக்கு இன்னொரு ஆளை அனுப்பி விசாரிப்போம். ஆனால் ஒரு கோடையில் ஊருணித் தண்ணீர் மோராகப் புளித்துவிட்டது என்று சொன்னபோது, ஆளுக்கொரு சொம்பும் உப்பும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு போனோமே தவிர, தண்ணீர் எப்படிப் புளிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. புளிக்கவைத்தது யார் என்பதில்தான் ஊர் இரண்டு பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் தனுஷ்கோடி முதலாளியின் விமானத்து சீட் உடைந்த விஷயத்தைச் சொல்வது எனக்குச் சுலபம்.

தனுஷ்கோடி முதலாளிக்கு உப்பளம் இருந்தது, உப்பளத்தின் ஓரத்தில் சிமென்ட் தரை போல இறுகிக் கிடக்கும் வெட்டவெளி இருந்தது, அந்த வெட்டவெளியில் ஒரு தகரக் கொட்டகையும், கொட்டகைக்குள் அவர் அப்பா காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன மஞ்சள் நிறச் சின்ன விமானமும் இருந்தன. இரண்டே சீட், பக்கத்துப் பக்கத்தில். இடது பக்கம் முதலாளி உட்கார்ந்து ஓட்டுவார். முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடக்கும்போது, கலசத்தில் தண்ணீர் விழும் அதே நேரத்தில் வானத்திலிருந்து பூவும் விழ வேண்டும் என்பது அவர் அப்பா ஏற்படுத்திய வழக்கம். அதற்காக வலது பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்க சீட்டில் ஓர் ஆள் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்து போவார்.

போன கும்பாபிஷேகத்துக்குப் போனவர் சுயம்புலிங்கம். விமானத்தைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் அவர் வேலை. போகும்போது விமானத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், திரும்பி வந்தபோது முதலாளி மட்டும் இருந்தார். கேட்டதற்கு, "வழியில இறக்கிவிடச் சொன்னான், தேரிக்காட்டுச் செம்மண்ணுல இறக்கிவிட்டேன், பஸ் ஏறிப் போயிட்டான்" என்றார். போலீஸ் வந்தது, கேட்டது, ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனது. ஊருக்கு அது போதவில்லை. சுயம்புலிங்கத்துக்குத் தேரிக்காட்டுப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள் என்று பேசிக்கொண்டோம்; முதலாளிதான் அவரைத் தள்ளிவிட்டார் என்றும் பேசிக்கொண்டோம்; இரண்டில் ஒன்றுதானே நடந்திருக்க முடியும் என்பது எங்களுக்கு ஒரு தொந்தரவாகவே இல்லை.

தொந்தரவெல்லாம் சுயம்புலிங்கத்தின் மனைவி தங்கபுஷ்பத்துக்குத்தான். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். தாலியைக் கழற்றவும் முடியாது, அதைத் தொட்டுக் கும்பிட்டால் பின்னால் சிரிப்பார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போனவளின் கை பட வேண்டாம் என்று கல்யாண ரவிக்கை எதையும் அவளிடம் கொடுக்க மாட்டோம், பள்ளிக்கூட யூனிஃபார்மும் தலையணை உறையும் கொடுப்போம். அவள் தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் தன்னை விட்டுப் போனாரா இல்லையா என்பது. போயிருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம், செத்திருந்தால் அழுது முடிக்கலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் அவளை வைத்திருந்தோம்.

அடுத்த கும்பாபிஷேகம் வந்தது. முதலாளி அந்த நாளுக்குப் பிறகு விமானத்தைத் தொட்டதே இல்லை. இந்த முறை பூ வேண்டாமே என்று இழுத்தார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று நாங்கள் யோசிக்கத் தொடங்கியதும், நாங்கள் யோசிப்பதற்குப் பயந்து சரி என்றுவிட்டார். மதுரையிலிருந்து ஆள் வந்து எஞ்சினைச் சரிசெய்தார். தார்ப்பாயை முழுக்க விலக்கிப் பார்த்தபோதுதான் வலது பக்க சீட் கதவுப் பக்கமாகச் சரிந்து கிடப்பது தெரிந்தது. அதன் குழாய்க் கால்களில் ஒன்று, கதவுப் பக்கத்துப் பின்கால், பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டு உடைந்திருந்தது.

இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டிங் பட்டறை சந்தியாகுவைக் கூப்பிட்டார்கள். இடது சீட்டையும் கழற்றிப் பார்த்துவிடுவோம் என்று அதை அவன் ஒரு கையால் தூக்கி வெளியே வைத்தான். இரும்புக் குழாயும் கித்தானும்தானே, கனம் என்ன இருக்கப்போகிறது. வலது சீட்டை அப்படித் தூக்கப் போனவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு பேர் சேர்ந்து சப்பரம் தூக்குவதைப் போலத் தூக்கி இறக்கினார்கள். இறக்கிவைத்த பிறகும் கித்தான் நிமிரவில்லை, நடுவில் குழிந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. சந்தியாகு குனிந்து பார்த்துவிட்டு, "ஆள் உக்காந்திருக்காவ" என்றான். "அப்ப குலுக்காமத் தூக்குங்கடே" என்றார் தூக்கிய நால்வரில் ஒருவர். அப்படித்தான் சீட் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பதை ஊர் அன்று சாயங்காலத்துக்குள் ஏற்றுக்கொண்டது. யார் உட்கார்ந்திருப்பது என்பதில்தான் தூக்கம் போயிற்று. பட்டறைப் பக்கம் போகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். உப்பு வியாபாரிகள் அது வரி ஆபீஸ் ஆள் என்றார்கள். ஒரு கட்சிக்காரர்கள் அது மற்றக் கட்சி வைத்த ஆள் என்றார்கள், மற்றக் கட்சிக்காரர்கள் வந்து நேராகவே, "அண்ணாச்சி எந்தப் பக்கம்?" என்று சீட்டிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றார்கள். புதுப் பெண் ஒருத்தி, இங்கே வந்தும் என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று, செத்துப்போன தன் மாமியாரை நினைத்து முக்காடு போட்டுக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்தாள். ரேஷன் கடைக்காரர், ஊரில் இருக்கிற ஆள் என்றால் எந்தக் கார்டில் பெயர் இருக்கிறது என்று விசாரித்தார். சுயம்புலிங்கத்தின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்தோம், ஆனால் சொல்லிவிட்டால் தேரிக்காட்டுப் பெண்ணை என்ன செய்வது.

சந்தியாகு உடைந்த இடத்தை அறுத்துவிட்டு, குழாயோடு குழாயை முட்டவைத்துப் பற்றவைத்தான். மறுநாள் அதற்குச் சற்று மேலே உடைந்திருந்தது. மறுபடி பற்றவைத்தான், மறுபடி உடைந்தது.

"துருடே. பழைய இரும்பு" என்றார் முதலாளி. அவர் பட்டறைக்குள் வருவதே இல்லை, வாசலில் நின்றுதான் பேசுவார்.

"துருன்னா நாலு காலும் போவணும் முதலாளி. கதவுப் பக்கத்துக் கால் மட்டும் ஏன் போவுது?"

முதலாளி நடையைக் கட்டினார். அந்தக் கேள்விக்கு அவர் நடையைக் கட்டியது கடைத்தெரு முழுக்கத் தெரிந்தது.

விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் வரதன் சென்னையிலிருந்து வந்தார். சந்தியாகு பற்றவைத்ததைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இது ஜன்னல் கம்பி இல்லப்பா. குழாயை நேரா வெட்டி ஒட்டினா நிக்காது. சாய்வா வெட்டு, உள்ள இன்னொரு சின்னக் குழாயைச் சொருகு, பக்கத்துல ஓட்டை போட்டு அது வழியா உள்குழாயையும் சேர்த்துப் பத்தவை" என்று கூடவே இருந்து செய்யவைத்தார். சந்தியாகு தான் செய்ததுதான் தப்பு என்று ஒப்புக்கொண்டு அவர் சொன்னபடி செய்தான். பற்று நின்றது. ஆனால் அதற்கு அடுத்த நாள், கால் தரையோடு சேரும் பட்டை வளைந்துவிட்டது, அதே கதவுப் பக்கத்தில். வரதன் ஒரு நூலைக் குறுக்கே பிடித்துக் கித்தானின் குழிவை அளந்தார். ஆழம் நடுவில் இல்லை, வலது ஓரமாக இருந்தது. "இவர் சும்மா உட்காரல, வெளியே சாய்ஞ்சுகிட்டு இருக்கார்" என்றவர், அதோடு தன் சட்டத்தையும் சொல்லிவிட்டார். "ஆள் இருக்கிற சீட்ல இன்னொரு ஆளை ஏத்த முடியாது. பூ எறியறதுக்கு வேற வழி பார்த்துக்கங்க."

கித்தான் ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு வருகிறது, தைக்க வேண்டும் என்று தங்கபுஷ்பத்துக்கு ஆள் போனது. தைப்பதற்கு ஊரில் வேறு யாரும் இல்லையா என்றால் இருந்தார்கள். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க எங்களுக்கு ஆசை. அவள் அளவு நாடாவோடு வந்தாள், முழங்காலிட்டாள், தையல் இழுபட்டிருந்த இடத்தில் விரலை வைத்து அப்படியே இருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "இது அவிய" என்றாள்.

"எப்படிம்மா சொல்லுத?" என்றார் கோயில் தர்மகர்த்தா.

"சட்டை தச்சவளுக்குத் தோள் எந்தப் பக்கம் சாயும்னு தெரியாதா? நம்பலன்னா நிறுத்துப் பாருங்க."

நிறுத்துப் பார்ப்பதற்கு வழி இருந்தது. சுயம்புலிங்கத்துக்கு ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து பிழைத்தபோது, அவர் எடைக்கு எடை கருப்பட்டி கொடுப்பதாக அவள் அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அவர் காணாமல் போவதற்குச் சில வாரம் முன்புதான் அந்தத் துலாபாரம் நடந்தது. அறுபத்தொரு கிலோ கருப்பட்டி. அன்றைக்கு வைத்த பொங்கலைத் தின்ற எங்களில் யாருக்கும் அது மறக்கவில்லை. சீட்டின் எடையைக் கழிக்க வேண்டுமே என்று ஒருவர் சந்தேகம் கிளப்பியதும், இடது சீட்டை மறுதட்டில் வைத்தால் அதற்கு இது சரியாகிவிடும், மீதி ஆள்தான் என்றான் சந்தியாகு. முதலாளி மட்டும், கோயில் தராசில் விமானத்து சாமானை வைப்பது அபசாரம் என்றார். அதுவரை யோசித்துக்கொண்டிருந்த தர்மகர்த்தா, அவர் வேண்டாம் என்றதும் நாள் குறித்துவிட்டார்.

ஊரே திரண்டது. கோயில் மண்டபத்துத் தராசில் ஒரு தட்டில் வலது சீட், மறுதட்டில் இடது சீட்டும் அதன் மேல் அறுபத்தொரு கிலோ கருப்பட்டியும். கருப்பட்டி கடையிலிருந்து வந்ததா வேறெங்கிருந்தாவது வந்ததா என்று இரண்டு பேர் முகர்ந்து பார்த்தார்கள். கயிற்றை விட்டார்கள். தட்டுகள் ஆடின, ஆடி நின்றன. கருப்பட்டித் தட்டு கொஞ்சம் கீழே இறங்கி நின்றது. கொஞ்சம்தான், ஒரு கிலோ இருக்கலாம், ஆனால் எங்களுக்கு அது போதும்.

"சுயம்பு இல்ல. வேற யாரோ" என்றது ஒரு குரல்.

அதற்குப் பிறகு நடந்தது நல்லதல்ல. யாரோ ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்க, அவனைத் தன் புருஷன் என்று சபையில் சொல்லிவிட்டாளே என்று பெண்கள் பக்கத்தில் ஆரம்பித்தது. இவளுக்கு முன்னமே தெரிந்த ஆளாக இருக்குமோ, அதனால்தான் அவர் போனாரோ என்று ஆண்கள் பக்கத்தில் முடிந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் புருஷனை மட்டும்தான் சந்தேகப்பட்டிருந்தோம், அரை நிமிஷத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டோம். எனக்கு அப்போது அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முதலாளி ஒரு பெருமூச்சு விட்டதையும் பார்த்தேன்.

தங்கபுஷ்பம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று திரும்பி வெளியே நடந்தாள். ஓடுகிறாள் என்றார்கள். அவள் வீட்டுக்குப் போய், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அவருடைய நாலு முழ வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து, கோயில் தெப்பக்குளத்தில் இறங்கி அதை முக்கி, பிழியாமல், சொட்டச் சொட்ட மண்டபத்துக்குள் கொண்டுவந்தாள்.

"அன்னைக்குக் குளத்துல முங்கி எந்திரிச்சு ஈர வேட்டியோடதான தராசுல இருந்தாவ" என்றாள். "நம்ம கோயில்ல எல்லாரும் அப்படித்தான இருப்போம். அந்தத் தண்ணிக்கும் சேத்துல்லா கருப்பட்டி குடுத்தேன்."

எங்களில் துலாபாரம் கொடுக்காத வீடே இல்லை. எல்லோரும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறோம். அது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் அந்த ஈர வேட்டியைக் கித்தானின் குழிவில், மடியில் போர்த்துவது போலப் பரப்பினாள். தட்டு மெல்ல இறங்கியது, மற்றது ஏறியது, இரண்டும் நேருக்கு நேர் நின்றன. பக்கத்தில் நின்றவர்கள் முள்ளைப் பார்த்தார்கள், முள்ளைப் பார்த்தவர்களை மற்றவர்கள் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம்.

அவர் மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கோபுரத்துக்கு மேல ரெண்டாவது சுத்து" என்றார். "பூ எறிஞ்சிட்டு இருந்தான். கலசத்துல விழல, இன்னும் கொஞ்சம் சாய்ச்சு ஓட்டுங்க முதலாளின்னான். சாய்ச்சேன். அவனும் வெளிய சாஞ்சான். திரும்பிப் பாத்தா சீட்ல ஆளைக் காணல. விழல. விழுந்திருந்தா கீழ இத்தனை பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னீங்களே, தெரிஞ்சிருக்கும். கூடையும் காணல. ஆனா விமானம் லேசாவல. இறங்கும்போது ரெண்டு ஆள் கனத்தோடதான் இறங்குச்சு. எனக்கு அது கையில தெரிஞ்சுது."

"பொறவு ஏன் தேரிக்காட்டுல இறக்கிவிட்டேன்னீங்க?" என்றார் தர்மகர்த்தா.

"வானத்துல ஆள் மறைஞ்சுட்டான்னு சொன்னா யாரு நம்புவா?"

தர்மகர்த்தாவுக்கு நிஜமாகவே மனம் நொந்துவிட்டது. "நாங்க நம்பியிருப்போமே முதலாளி" என்றார். நான்கு பக்கமும் தலைகள் ஆடின, நம்பியிருப்போம், உடனே நம்பியிருப்போம்.

"எனக்கு அது தோணல" என்றார் முதலாளி. "ஒரு ஆம்பள பொண்டாட்டிய விட்டுட்டுப் போயிட்டான்னா யாரும் மேல கேக்க மாட்டாவன்னு தோணுச்சு."

தங்கபுஷ்பம் அவர் பக்கம் திரும்பினாள். "செத்துட்டாவன்னு சொல்லியிருந்தாக்கூட நான் அழுது தீத்திருப்பேன். நீங்க சொன்னதுக்கு நான் அவியளை எத்தனை நாள் வைஞ்சிருக்கேன் தெரியுமா. ராத்திரியில படுத்துக்கிட்டு, எவகூட இருக்கியோ நல்லா இருன்னு வைஞ்சிருக்கேன். அவிய இங்கேயேல்லா இருந்திருக்காவ." அதற்கு மேல் அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி.

சீட்டின் பக்கம் குனிந்தாள். ஈர வேட்டியின் ஓரத்தைச் சரிசெய்தாள். "பூ தீந்து பன்னெண்டு வருசமாச்சு" என்றாள். "இன்னும் எதுக்கு வெளிய சாஞ்சுக்கிட்டு? நேரா உக்காருங்க."

கித்தானில் ஓரமாக இருந்த குழிவு நகர்ந்து நடுவுக்கு வந்தது. தட்டு லேசாக ஆடி நின்றது. சந்தியாகு கீழே உட்கார்ந்து நான்கு கால்களையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி நிக்கும்" என்றான்.

நின்றது. வளைந்த பட்டையை மாற்றினான், அவள் கித்தானை இரட்டைத் தையல் போட்டுத் தைத்தாள், வரதன் கையெழுத்துப் போட்டார். கும்பாபிஷேகத்தன்று அந்த சீட்டில் பூக்கூடையை மட்டும் வைத்துக் கட்டினார்கள். முதலாளி ஓட்டினார். கலசத்தில் தண்ணீர் விழுந்த அதே நேரம் பூ விழுந்தது, ஒன்றுகூட வெளியே சிதறாமல் கலசத்தின் மேலேயே விழுந்தது. முதலாளியே ஒரு கையால் எறிந்திருப்பார் என்று என் பக்கத்தில் நின்றவர் சொன்னார். இருக்கலாம் என்றேன்.

விமானம் இறங்கியதும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கூடை காலி. கித்தான் தட்டையாக, குழிவே இல்லாமல் இழுத்துக்கட்டியது போல இருந்தது. சந்தியாகு சீட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான், வந்துவிட்டது.

"இறங்கிட்டான்" என்றார் முதலாளி.

"எங்க?"

"எனக்குத் தெரியல. கடைத்தெருவுக்கு மேல வரும்போது லேசாச்சு."

அவர் இந்த முறை சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே வாய்தானே, யாரும் நம்பவில்லை. சில பேர் உப்பளத்துப் பக்கம் தேடப் போனார்கள், சில பேர் தேரிக்காட்டுக்கே பஸ் ஏறினார்கள். அப்போதுதான் கூட்டத்தில் தங்கபுஷ்பம் இல்லை என்பதைக் கவனித்தோம். அவள் பூ விழுவதைப் பார்க்கவே வரவில்லையாம். கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே தைத்துக்கொண்டிருந்தாளாம்.

அதன் பிறகு கல்யாண ரவிக்கைகளை அவளிடம் கொடுக்க ஆரம்பித்தோம். தைப்பதற்கு என்று சொல்லிக்கொண்டு போய், கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். அவள் துணியை வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். உள்ளே போனவன் சந்தியாகு ஒருவன்தான், ஆடி மாதக் கடைசியில் அவனை அவளே கூப்பிட்டனுப்பினாள். அவன் வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி கிடந்ததாம். அதன் பின்கால் ஒன்று விரிசல் விட்டிருந்ததாம். வாசல் பக்கத்துக் கால் நன்றாக இருந்தது, அவள் உட்கார்ந்து தைக்கும் மெஷின் பக்கத்துக் கால்தான் உடைந்திருந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்த்தவன், சாய்வாக அறுத்து, உள்ளே சின்னக் குழாய் சொருகி, வரதன் சொல்லிக்கொடுத்த மாதிரியே பற்றவைத்தான்.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டாளாம்.

"இப்படி ஒரு பக்கமாவே சாஞ்சா எதுவும் தாங்காதுக்கா. நேரா உக்காரச் சொல்லுங்க. அன்னைக்குக் கோயில்ல சொன்னீங்கல்ல, கேட்டாவல்ல."

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாளாம்.

"சொல்ல மாட்டேன்" என்றாளாம். "உடைஞ்சா மறுபடி வந்து பத்தவச்சுக் குடு."